சாமி இருக்கும் லோரி

என் அக்காவின் இரண்டாவது குழந்தையும் உயிரில்லாமல் பிறந்தபோது, நான் அதே மருத்துவமனையின் சமூகநலப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. மலாயா சுதந்திரம் பெற்றதற்கு மறு ஆண்டு அது. சிங்கப்பூரில் பட்டம் பெற்று மலாக்காவுக்குத் திரும்பியிருந்த எனக்கு, புதிய நாட்டுக்கு என்னால் ஆனதைச் செய்துவிட வேண்டும் என்ற வேகம் இருந்தது. அந்த வேகத்துக்கான முதல் சோதனை என் குடும்பத்துக்குள்ளிருந்தே வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

மகப்பேற்று வார்டின் மருத்துவர் என்னைத் தம் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். அக்காவின் இரத்தத்தில் மேகநோய், அதாவது சிபிலிஸ், இருப்பது பரிசோதனையில் தெரிந்திருந்தது. முதல் குழந்தையையும் அதுவே கொன்றிருக்க வேண்டும் என்றார். நோய் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அக்காவுக்கும் கணவருக்கும் பென்சிலின் ஊசி போட்டால் குணமாகிவிடும். ஆனால் ஊசி வந்த நோயைத்தான் விரட்டும், வரப்போகும் நோயைத் தடுக்காது. கணவர் மறுபடியும் வெளியிலிருந்து கொண்டுவந்தால் மூன்றாவது குழந்தைக்கும் இதே கதிதான். ஒன்று அவர் அந்த வழியை விட வேண்டும், இல்லையென்றால் ஆணுறை அணிய வேண்டும். இதைச் சொல்லிவிட்டு அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

அத்தான் கெட்ட மனிதர் அல்லர். இதை நான் முதலிலேயே எழுதிவிட விரும்புகிறேன், ஏனென்றால் கெட்டவர்களுக்கு மட்டும்தான் இந்த நோய் வரும் என்ற எண்ணமே அன்று பலரை ஊசிக்கும் உறைக்கும் எட்டாத தூரத்தில் வைத்திருந்தது. அவர் லோரி ஓட்டினார். புக்கிட் ரம்பாய் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கித்தா எனப்படும் ரப்பர் ஷீட்டுகளை ஏற்றிக்கொண்டு சிங்கப்பூர் போய், அரிசியும் சீனியும் ஏற்றிக்கொண்டு திரும்புவார். வழியில் மூவாரிலும் பத்து பஹாட்டிலும் ஆற்றுக்குப் பாலம் வந்திருக்கவில்லை. லோரிகள் படகுத்துறையில் வரிசை கட்டி நிற்கும். மழைக்காலத்தில் ஆறு பெருகிவிட்டால் அரை நாள்கூட நகர முடியாது. சம்சு என்ற மலிவுச் சாராயம் விற்கும் கடையும் அதையொட்டி விலைமாதர் இருந்த மாடிவீடுகளும் அந்த வரிசையை நம்பியே பிழைத்தன. ஆண்கள் ஏன் அங்கே போகிறார்கள் என்பதற்குப் பல்கலைக்கழகத்தில் நான் படித்த விளக்கங்களில் படகுக்காகக் காத்திருப்பது என்ற காரணம் எங்கும் இருந்ததில்லை.

ஊசியை அவர் மறுக்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வரிசையில் நின்றார். அக்காவிடம், "ரத்தத்துல சக்தி இல்லையாம், ரெண்டு பேரும் போட்டுக்கணுமாம்" என்று சொல்லியிருந்தார். கடைசி ஊசி போட்ட அன்று வெளியே வரும்போது என் தோளில் கைபோட்டார்.

"அவ்ளோதான் மச்சான். முடிஞ்சிபோச்சி."

நான் பையிலிருந்து உறைகள் இருந்த பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். என்னவென்று அவருக்குத் தெரிந்தது. வாங்கவில்லை.

"ஊசிதான் போட்டாச்சே. இது எதுக்கு?"

ஊசி தடுக்காது என்று விளக்கினேன். நோய்க்கிருமி, தொற்று, கரு என்று ஒழுங்காகப் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, "நீ படிச்சவன், சொல்றது சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, பொட்டலத்தை என் பையிலேயே திரும்ப வைத்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

நான் விடுவதாக இல்லை. ஒருவரைத் தனியாகப் பேசி மாற்ற முடியாவிட்டால் அவரைச் சுற்றியிருப்பவர்களோடு சேர்த்து மாற்ற வேண்டும் என்று எண்ணினேன். காஜா பெராங் சாலையில், லோரிகள் நிற்கும் திடலுக்கு எதிரே தேநீர் விற்கும் ஒரு சர்பத் கடை இருந்தது. கடைக்காரர் இராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து வந்து நெடுங்காலமாகிவிட்ட முஸ்லிம் பெரியவர். எல்லோருக்கும் அவர் 'பாய்'. ஓட்டுநர்கள் காலையில் சரக்கு ஏற்றப் போகுமுன் அங்கேதான் கூடுவார்கள். ஒரு சனிக்கிழமை காலை நான் அவர்களோடு உட்கார்ந்தேன். அத்தானும் இருந்தார்; நான் உறையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் தேத்தண்ணீர்க் குவளைக்குள் பார்வையைப் போட்டுக்கொண்டார்.

ஓட்டுநர்களில் மூத்தவர் ஒருவர் இருந்தார். பெரிய தொந்தி, ஸ்டியரிங் உரசி உரசி வயிற்றுக்கு நேரே சட்டை நைந்திருக்கும். அவர்தான் முதலில் பதில் சொன்னார்.

"தம்பி, நாள் பூரா கித்தாதான் தூக்குறோம். அந்த நேரத்துலயும் கித்தாவாலா?"

பெஞ்சு குலுங்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தால் பேசுவார்கள் என்பது அந்த வேலையில் நான் அதற்குள் கற்றுக்கொண்ட ஒன்று.

"சரிண்ணே. உங்க வீட்டுக்காரம்மாவுக்கு நோய் வந்தா அப்பவும் இப்படிப் பேசுவீங்களா?"

"நமக்கு எதுக்கு வருது? நான் போற எடம் சுத்தமான எடம். அந்தப் பொண்ணு தினம் ரெண்டு வேளை குளிக்குது."

"குளிச்சா போயிடாதுண்ணே."

"அப்ப ஆஸ்பத்திரி டிரெசர் ஊசி வச்சிருக்கான்ல?" என்றார் இன்னொருவர். ஒல்லியானவர், புதிதாகக் கல்யாணமானவர். "வந்தா குத்திக்க வேண்டியதுதான். வர்றதுக்கு முன்னாடியே ஏன் பயப்படணும்?"

"வாங்குறதுதான் பெரிய பாடு" என்று கல்லாவிலிருந்தே பாய் குறுக்கிட்டார். "போன வருஷம் ஒருத்தர் எங்கிட்டயே கேட்டாரு, பாய், சீனன் மருந்துக் கடையில போயி வாங்கிக் குடுங்கன்னு. நான் தொழுவப் போறவன், எங்கிட்டக் கேக்குறீங்களேன்னேன். அங்க கடைக்காரன் மவ உக்காந்திருக்கு பாய், கேக்க வெக்கமா இருக்குங்குறாரு."

"யாரு பாய் அது?"

"யாரோ."

தொந்திக்காரர் வயிற்றைத் தடவிக்கொண்டு சாலைப் பக்கமாகப் பார்த்தார். மறுபடியும் சிரிப்பு.

சிரிப்பு அடங்கியபின் ஒல்லியானவர் மெதுவாகச் சொன்னார். "வீட்டுக்காரி பாத்தா என்னான்னு நெனைப்பா? சட்டைய அவதான தொவைக்கிறா. பையில அது இருந்தா எங்கயோ போறேன்னு ஆயிடும். இல்லைன்னா நோய் வந்திருக்குன்னு ஆயிடும்."

வெறும் கையோடுதான் அன்று திரும்பினேன். ஆனாலும் அந்த ஒரு மணி நேரத்தில் கேட்டவை என்னை விட்டு என்றும் போகவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து எய்ட்ஸ் என்ற புதிய பெயரோடு வேறொரு நோய் வந்து, ஆண்கள் உறை அணிவதற்கும் அணியாததற்கும் காரணங்களை அறிஞர்கள் கூட்டங்களில் விளக்கியபோது, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சர்பத் கடைப் பெஞ்சுதான் நினைவுக்கு வந்தது. நம்பிக்கை, வெட்கம், மருந்தின் மேல் உள்ள தைரியம், மனைவியின் கண். எல்லாம் அன்றே அங்கே பேசி முடிந்தவை. பேசப்படாத ஒன்றுதான் அத்தானைத் தடுத்தது. அது எனக்குத் தெரிய இன்னும் ஒரு வாரம் ஆயிற்று.

வெள்ளிக்கிழமைகளில் அத்தான் லோரியைக் கழுவிப் பூசை போடுவார். அன்று நான் திடலுக்குப் போனபோது அவர் வண்டியின் முன்புறம் மஞ்சள் நீர் தெளித்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் முனீஸ்வரன் படம். அதற்குச் சாமந்தி மாலை, ஊதுவத்தி, ஒரு சிட்டிகை திருநீறு. முன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை ஓரடி நகர்த்தி நசுக்கினார். இறங்கியதும் நான் மறுபடியும் பொட்டலத்தை எடுத்தேன். இந்த முறை அவர் இரண்டடி பின்வாங்கினார்.

"கிட்ட கொண்டாராத மச்சான். வண்டியில சாமி இருக்கு."

"சும்மா சாக்கு சொல்லாதீங்க அத்தான்."

"சாக்கா?" அவர் குரல் தாழ்ந்தது. "செருப்போட நான் ஏறி நீ பாத்திருக்கியா? தண்ணி போட்டாக்கூட வாய் கொப்புளிச்சி, மூஞ்சி கழுவி, திருநீறு பூசிக்கிட்டுத்தான் ஏறுவேன். அந்த வீட்டுக்குப் போய்ட்டு வந்தா ஆத்துல முங்காம ஏறுனது கெடையாது. அவரு இல்லாட்டி நான் எப்பவோ செத்திருப்பேன், தெரியுமா? பிரேக் போயி எறக்கத்துல வந்தப்ப யாரு நிறுத்துனா? அவரு முன்னால இந்தக் கழுதைய நான் வைக்கிறதா?"

"பர்சில வச்சிக்குங்க."

பர்சைத் திறந்து காட்டினார். அதிலும் ஒரு சிறிய முருகன் படம்.

அவர் சொன்னது உண்மை. அவர் வெறுங்காலோடுதான் ஏறுவார். ஏறுமுன் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். உறை எடுத்துக்கொள்ளாமல் அவர் மாடிவீட்டுக்குப் போனதற்குக் காரணம் பொறுப்பின்மை என்று நான் தீர்மானித்திருந்தேன். பக்தியும் ஒரு காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மலாக்காவில் மட்டுமல்ல, தெற்கே போகும் தமிழ் ஓட்டுநர்களில் ஏறக்குறைய எல்லோருடைய வண்டியிலும் ஒரு சாமி இருந்தார். அவரைக் கும்பிடாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, விருப்பமும் இல்லை. உறையை எங்கே வைப்பது என்று சொல்லவும் தெரியவில்லை.

இதற்கிடையில் இன்னொரு கேள்வி என்னை அரித்துக்கொண்டிருந்தது. அக்காவிடம் உண்மையைச் சொல்வதா? சொன்னால் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். அம்மாவும் அப்பாவும் இல்லாத நிலையில் அவளுக்குப் போக்கிடம் என் வாடகை அறை மட்டுமே. சொல்லாவிட்டால் மூன்றாவது முறையும் அவள் நம்பிக்கையோடு சுமந்து வெறுங்கையோடு திரும்புவாள். விளைவுகளை எடைபோட்டுப் பார்த்தேன். சொல்ல வேண்டியவர் அத்தான்தான், அவர் சொல்லும்வரை விடக்கூடாது என்று உறுதிசெய்துகொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அத்தான் திடலில் லோரிச் சரக்கைக் கட்டப் போயிருந்தார். அக்கா கரிப்பெட்டியில் நெருப்புப் போட்டு அவருடைய சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"உக்காருடா. எவ்ளோ நாளா மூஞ்சிய வேற பக்கம் திருப்பிக்கிட்டுப் போற" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா."

"எனக்கு ஊசி போட்டப்ப பக்கத்துக் கட்டில்ல ஒரு அம்மா இருந்தாங்க. அவுங்களுக்கும் அதே ஊசி. அவுங்க புருஷன் கப்பல்ல வேலை. அது என்னா நோய்னு அவுங்க சொன்னாங்க." சட்டையின் காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள். "ரத்தத்துல சக்தி இல்லைன்னு இவரு சொன்னாரு. சரின்னு கேட்டுக்கிட்டேன்."

நான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அழுதாச்சி. ஏசியாச்சி, மனசுக்குள்ள. இப்ப நீ சொல்லு. ஊசி போட்டா நல்லாயிடும். அவரு மறுபடி போனா?"

நான் சொன்னேன். மருத்துவர் சொன்ன இரண்டு வழிகளையும், அத்தான் மறுத்ததையும், சாமியையும், முருகன் படத்தையும், ஒன்று விடாமல். அவள் சட்டையைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். பேசி முடித்தபோது, அவள் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

"போகமாட்டேன்னு சத்தியம் வாங்கலாம்" என்றாள். "பண்ணிக் குடுப்பாரு. அந்தப் படகுத்துறையில மழை பெய்யிறப்ப சத்தியம் நிக்குமாடா?"

"தெரியலக்கா."

"எனக்குத் தெரியுது."

கரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அறைக்குள் போனாள். அலமாரியில் அடித்தட்டில் முதல் குழந்தைக்காகச் சேர்த்தவை இருந்தன: இரண்டு பருத்திச் சட்டை, ஒரு தொட்டில் துணி, வட்டமான ஒரு குழந்தைப் பவுடர் டின். அந்த டின், பக்கத்து வீட்டில் இருந்த, பல தலைமுறைகளாக மலாய் பேசும் மலாக்கா செட்டி சமூகத்துப் பெண் கொடுத்தது. தமிழ் வராத அவளும் மலாய் தட்டுத்தடுமாறும் அக்காவும் அந்த முதல் ஒன்பது மாதங்களில் நெருங்கிய தோழிகளாகியிருந்தார்கள். அக்கா டின்னின் மூடியைத் திறந்து, பவுடரை ஒரு தாளில் கொட்டினாள். அடியில் கொஞ்சம் மட்டும் விட்டாள்.

"கொண்டா அதை."

பொட்டலத்தைக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கி மூடினாள். முகத்தில் அருவருப்பு இருந்தது, கை நிற்கவில்லை.

"வண்டிக்குள்ளதான சாமி இருக்காரு? பின் சக்கரத்துக்கு மேல, வெளிப்பக்கம் ஜாக்கி வைக்கிற பெட்டி இருக்குல்ல? அங்க சாமி படம் இருக்கா?"

"இல்ல."

"வா."

பட்டப்பகலில், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, டின்னைக் கையிலேயே பிடித்தபடி அவள் சாலையைக் கடந்து நடந்தாள். நான் பின்னால் போனேன். திடலில் அத்தான் கித்தா ஷீட்டுகளின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். தொந்திக்காரரும் ஒல்லியானவரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அக்கா ஒருநாளும் திடலுக்கு வந்தவள் இல்லை. அத்தான் கயிற்றை விட்டுவிட்டார்.

அக்கா பின்பக்கம் போய்க் கருவிப் பெட்டியின் கொக்கியைத் திறந்தாள். ஜாக்கிக்கும் சங்கிலிக்கும் நடுவே, ஒரு பழந்துணியில் சுற்றி டின்னை வைத்தாள். பெட்டியைச் சாத்தி, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"உங்க சாமி உள்ள இருக்கட்டும். இது வெளிய இருக்கட்டும்."

"ஏய், என்னா இது, ஆளுங்க முன்னால..."

"ஆளுங்களுக்குத் தெரியாததா? எனக்குத்தான் தெரியாம இருந்திச்சி." குரல் உயரவில்லை. "போவாதீங்கன்னு சொல்றேன். போனீங்கன்னா இந்தப் பெட்டியத் தொறந்துட்டுப் போங்க. டாக்டர் ரத்தம் நல்லாயிருக்குன்னு சொல்ற வரைக்கும் வீட்லயும் அதுதான். ரெண்டு புள்ளையக் குடுத்துட்டேன். மூணாவதக் குடுக்க மாட்டேன்."

திரும்பி நடந்துவிட்டாள். அத்தான் தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றார். எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கும் தொந்திக்காரர், கீழே கிடந்த கயிற்றை எடுத்து முடிச்சுப் போட்டார். அத்தான் என்னைப் பார்த்து, "நீ சொல்லிட்டியா?" என்றார்.

"இல்ல அத்தான். நோய் என்னான்னு அக்காவுக்கே தெரிஞ்சிருக்கு."

அவர் லோரியின் முன்புறம் போனார். படியைத் தொட்டார், வழக்கத்துக்கு மாறாகக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல், கையை அங்கேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பின்பு ஏறி வண்டியைக் கிளப்பினார். பெட்டியிலிருந்து டின்னை எடுத்து எறியவில்லை. அதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து வந்த மாதங்களில் நான் என் வேலை செய்யும் முறையை மாற்றினேன். சிகிச்சைக்கு வரும் ஆண்களிடம் நோயின் கொடுமையைப் பற்றி முதலில் பேசுவதை நிறுத்தினேன். "இதை எங்கே வைப்பீர்கள்?" என்று கேட்டேன். பதில் சொல்ல அவர்கள் யோசித்தார்கள். யோசிக்கத் தொடங்கியவர்கள் வாங்கிக்கொண்டார்கள். பாய் ஒருநாள் என்னைத் தனியே அழைத்து, நான் கொண்டுவந்து கொடுத்தால் கடைக்குப் பின்னால் கரிமூட்டைக்குப் பக்கத்தில் வைக்கத் தமக்குத் தடையில்லை, எடுப்பவரைத் தாம் பார்க்கப் போவதில்லை என்றார். முதலில் எடுத்தவர் தொந்திக்காரர்தான் என்று மட்டும் பின்னொரு நாள் பார்க்காமலே சொன்னார்.

அந்த மழைக்காலத்தின் முடிவில் அத்தான் ஒரு நடை முடித்து வந்தார். நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். குளிக்கப் போகுமுன், யாரையும் பார்க்காமல், டின்னை அடுப்படி வாசலில் வைத்துவிட்டுப் போனார். அக்கா அதை எடுத்துக் குலுக்கினாள். முன்பு நிறைந்திருந்ததால் சத்தம் வராது. இப்போது உள்ளே இருந்தவை உருண்டன.

அந்தச் சத்தத்துக்கு இரண்டு பொருள்கள் இருந்தன என்பதை நான் அறிவேன். அவர் போயிருக்கிறார். அவர் தன்னைக் காத்துக்கொண்டும் போயிருக்கிறார். தீமையைக் குறைப்பதாக நினைத்து அதற்கு வழி அமைத்துக் கொடுத்துவிட்டோமா என்ற கேள்வியை நான் பல இரவுகள் கேட்டிருக்கிறேன். அதற்கு முழுமையான பதில் இன்றும் என்னிடம் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பதற்கான வசதி எனக்குத்தான் இருந்தது, அக்காவுக்கு இல்லை. அவள் டின்னைப் பிடித்தபடி சுவரோடு சாய்ந்து நின்றாள். கண்களை மூடித் திறந்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"ரொப்பிக் கொண்டா."

அவர் போவது குறைந்தது என்று பிறகு சொன்னாள். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. வீட்டிலும் அவள் சொன்னபடியே நடந்தது. அத்தான் அதை அவமானமாக எடுத்துக்கொண்டு சில வாரங்கள் அவளோடு பேசாமல் இருந்தார். சோறு போடுவாள், சாப்பிடுவார். அவள் அசையவில்லை. இருவருடைய இரத்தமும் சுத்தமாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன அன்று, அத்தான் மருத்துவமனை வாசலிலேயே துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா பக்கத்தில் நின்று, "எழுந்திரிங்க, வண்டி வருது" என்றாள்.

அதன்பின் அவள் கருவுற்ற மாதங்கள் முழுவதும் ஒவ்வொரு பரிசோதனைக்கும் தானே தவறாமல் வந்தாள். பெண் குழந்தை பிறந்தது. அழுகைச் சத்தம் வராந்தாவுக்குக் கேட்டது. அத்தான் எழுந்து நின்றார். எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

வீட்டுக்குத் திரும்பிய நாள் மாலையில் பக்கத்து வீட்டுத் தோழி வந்து, முன்பு தான் கொடுத்த பவுடர் எங்கே என்று மலாயில் கேட்டாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் லோரித் திடல் இருந்த பக்கம் பார்த்தேன்.

"அது வேற வேலைக்குப் போயிடுச்சி" என்று அக்கா தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னாள். பிறகு அத்தானிடம் திரும்பினாள். "கடைக்குப் போயி புள்ளைக்குப் புதுசா ஒரு டின் வாங்கிட்டு வாங்க. பழசு இருக்குற எடத்துலயே இருக்கட்டும்."

அத்தான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.